தியேட்டர் வாசல் வாங்கு

எங்கள் ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போகும் நடையில், சுவரோரமாக ஒரு மர வாங்கு கிடக்கிறது. நாலு காலில் ஒரு கால் கட்டை. அதற்கு அடியில் கையுறைப் பெட்டியின் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறது. யாராவது உட்கார்ந்தால் ஒருமுறை முனகும், எழுந்தால் இன்னொரு முறை முனகும். அதைத் தூக்கிவிட்டு வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரை போடுவதற்கு எத்தனையோ தடவை ஆள் அனுப்பினார்கள். நான் விடவில்லை. "மிஸ்ஸிக்கு வாங்கில பைத்தியம்" என்று அட்டெண்டன்ட்மார் என் காதில் விழும்படியே சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே தாதிமார் எல்லோரும் மிஸ்ஸிதான். நான் தியேட்டரிலேயே தலை நரைத்த மிஸ்ஸி என்பதால் என்னைக் கேலி செய்ய அவர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சிரிக்கட்டும். அந்த வாங்கை அங்கே கொண்டுவந்து போட்டவரை அவர்களில் பாதிப் பேர் கண்டதே இல்லை.

அவரைச் சின்ன டொக்டர் என்போம். பெரிய டொக்டர் என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே நிபுணராகப் படித்துக்கொண்டிருந்த பயிற்சி டொக்டர் என்பதால் இவர் சின்ன டொக்டர். ஆளும் சின்னதுதான். மேசை எட்டாமல் காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு நின்றுதான் கத்தி பிடிப்பார். ஏறாவூரில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்பிள்ளை. வாய் ஓயாது. தையல் போடும்போதுகூட எங்கள் வீட்டு மாட்டைப் பற்றிக் கேட்பார். வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. படிக்க வந்த பிள்ளை படித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று நாள் முழுக்கக் கேள்வி, அடுப்படியில் தாயைக் குடையும் பிள்ளைபோல. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "டொக்டர், இது உங்கட உம்மாட குசினி இல்ல, அரசாங்கத்துத் தியேட்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அதான் மிஸ்ஸி. உம்மாட குசினி எண்டா இப்பிடி நடந்திருக்காது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. எங்கள் தியேட்டர் அப்படித்தான் கிடந்தது. விடிய எட்டு மணிக்கு முதல் ஆளை எடுக்க வேண்டும் என்று சட்டம். எட்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் வந்துதான் இருப்போம். ஆனால் நோயாளி வாட்டில் உடுப்பு மாற்றியிருக்க மாட்டார். உடுப்பு மாற்றியிருந்தால் ட்ரொலி வேறு வாட்டில் நிற்கும். ட்ரொலி வந்தால் இரத்தம் வந்திராது. இரத்தமும் வந்துவிட்டால், அதுவரை காத்திருந்து அலுத்துப்போன டொக்டர்மார் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். ஓர் ஆளை முடித்து அனுப்பிய பிறகுதான் அடுத்த ஆளுக்குச் சொல்லி அனுப்புவோம். அந்த ஆள் வந்து சேரும் வரைக்கும் தியேட்டர் வெறுமனே கிடக்கும். சின்னச் சின்ன ஒப்பரேஷன்களை முதலில் எடுப்பது பெரிய டொக்டரின் பழக்கம், கை சூடு பிடிக்க வேண்டுமாம். அதனால் பெரிய ஒப்பரேஷன் எப்போதும் கடைசிக்குப் போகும். பின்னேரம் மயக்க மருந்து டொக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். முதல் நாள் இராவிலிருந்து பட்டினி கிடந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். நாங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பழகிப்போய்விட்டோம். இத்தனை வருஷ வேலையில் இந்தப் பழக்கத்தைப்போல என்னைப் பயமுறுத்தியது வேறொன்றும் இல்லை.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்தான் வவுணதீவுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. புருஷன் இல்லை. ஒரே மகள். வயல்வட்டையில் களை பிடுங்கி, கதிர் பொறுக்கி வளர்த்த மகள். அம்மாவின் குடலில் ஒரு கட்டி. நாள் போகாமல் வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், பிந்தினால் பரவிவிடும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒருமுறை நேரம் இல்லை என்று திருப்பி அனுப்பினோம். இன்னொரு முறை இரத்தம் இல்லை. மூன்றாம் முறையும் நேரம் இல்லை. அந்த மூன்றாம் முறை வாட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வேலை சின்ன டொக்டரின் தலையில் விழுந்தது. நானும் கூடப் போனேன். நா வறண்டு, உதடு வெடித்துப் படுத்திருந்த அந்த மனுசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்ல புள்ள. நீங்களும் இன்னும் சாப்பிடல்லத்தானே, முகத்தப் பார்த்தா விளங்குது. போய்ச் சாப்பிடுங்க" என்றார். சின்ன டொக்டர் சாப்பிடப் போகவில்லை. திரும்பி வந்து அன்றைய லிஸ்டை எடுத்து, யாரை எப்போது எடுத்தோம் என்று பார்க்கத் தொடங்கினார். அம்மா அன்றைக்கே வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தலைசுற்றி விழுந்தாராம். கிளினிக்குக்கு வந்த மகள் பிறகு சொன்னாள்.

டொக்டர்மாரின் படிப்பில் ஒரு விதி இருந்தது. வேலை செய்யும் இடத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைத் திருத்திக் காட்ட வேண்டும். அநேகம் பேர் கை கழுவச் சொல்லிச் சுவரில் ஒரு படம் ஒட்டிவிட்டுக் கடமையை முடித்துக்கொள்வார்கள். சின்ன டொக்டர் எங்கள் தியேட்டரின் நேரத்தையே எடுத்துக்கொண்டார். பெரிய டொக்டர், "செய்யுங்க, செய்யுங்க, ஒரு மாசத்தில அலுத்துப் போயிடும்" என்று சிரித்தார். சின்ன டொக்டருக்கு அலுக்கவில்லை. வாட்டிலும் தியேட்டரிலும் மாறி மாறி நின்று, எங்கே எதற்காக நேரம் போகிறது என்று பார்த்தார். யார் மேலும் பாயவில்லை, யாரைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதவில்லை. அதனால்தான் நாங்களும் விட்டுக்கொடுத்தோம். விடியவே எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று இன்றைக்கு யார் யார், என்ன என்ன தேவை என்று பேசிக்கொள்ள வேண்டும் என்றார். பெரிய ஒப்பரேஷன் முதலில் என்றார். அதற்குப் பெரிய டொக்டரோடு எத்தனை நாள் மல்லுக்கட்டினார்! பிறகு எங்கேயோ ஒரு மூலையில் ஒடிந்து கிடந்த அந்த வாங்கைத் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நடையில் போட்டார். உள்ளே ஓர் ஆளுக்குத் தையல் போடத் தொடங்கும்போதே, அடுத்த ஆள் உடுப்பு மாற்றி அந்த வாங்கில் வந்து இருக்க வேண்டும். அட்டெண்டன்ட்மார் அதற்கு பஸ் ஸ்டாண்ட் என்று பெயர் வைத்தார்கள். "கல்முனை, கல்முனை, கல்முனை!" என்று கத்தி நோயாளிகளைச் சிரிக்க வைப்பார்கள். வெட்டுவதற்குக் காத்திருக்கும் மனிதர் சிரிப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மெல்ல மெல்ல அது பிடித்துக்கொண்டது. தியேட்டர் வெறுமனே கிடப்பது குறைந்தது. ஒருவரையும் திருப்பி அனுப்பாத நாள்கள் வந்தன. எங்கள் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது, அட, நாங்களும் மனிதர்கள்தான் என்று. அந்த உற்சாகத்தில்தான் வவுணதீவு அம்மாவுக்கு மறுபடி நாள் குறித்தார்கள். லிஸ்டில் முதல் பெயர் அவருடையது. கிளினிக்கில் சின்ன டொக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த முறை உங்களத் திருப்பி அனுப்ப மாட்டம் அம்மா. இன்ஷா அல்லாஹ், நான் நிக்கிறன்" என்றார். டொக்டர்மார் இப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரம் எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று விடிய எல்லாம் எண்ணெய் போட்டதுபோல நடந்தது. இரத்தம் முதல் நாளே வந்திருந்தது. ட்ரொலிக்குச் சண்டை இல்லை. எட்டு மணிக்கு முன்பே அம்மா வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார். பச்சை உடுப்புக்குள் ஒரு பிடியாக இருந்தார். சின்ன டொக்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதைப்போல, "அம்மா, விடிய ஒண்டும் சாப்பிடல்லத்தானே?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினார், இல்லையென்று. கண்ணைப் பார்க்காமல் ஆட்டினார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது உண்மையான நினைவோ, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதோ தெரியாது. உள்ளே போனதும் பெரிய டொக்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "ஆ, எட்டு மணி! ஆருக்காவது ஆலாத்தி எடுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார்.

மயக்க மருந்து ஏறி, கண் செருகிய அந்த நொடியில் வயிற்றில் இருந்தது மேலே வந்தது. நான் உறிஞ்சு குழாயைக் கொடுத்தேன். குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாய் ஏதோ ஓடியது. தேங்காய்ப்பூ. பிட்டு. மயக்க மருந்து டொக்டர் தன்னால் ஆனதெல்லாம் செய்தார், கெட்டிக்காரர்தான். ஆனால் சுவாசப்பைக்குள் போனது போனதுதான். கட்டியைத் தொடாமலே அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் செத்துப்போனார். கட்டியால் அல்ல.

எல்லாம் பிறகுதான் விளங்கியது. அந்த வாட்டில் அது ஊரறிந்த வழக்கம். தியேட்டருக்கு எட்டு மணிக்கு வா என்றால் உச்சி சாய்ந்துதான் எடுப்பார்கள் என்று கட்டிலுக்குக் கட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவரைப் பழைய ஆள் கூப்பிட்டு, "விடியக் கருக்கலோட ரெண்டு வாய் சாப்பிட்டுடு கா, இல்லாட்டி மயங்கி விழுந்துடுவாய். மிஸ்ஸிமாருக்குச் சொல்லிடாத" என்று அன்பாகச் சொல்லிவைப்பாராம். எத்தனையோ வருஷமாகப் பாதிப் பேர் அப்படித்தான் தின்றுவிட்டு எங்கள் மேசைக்கு வந்திருக்கிறார்கள். நாங்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான் எடுத்தோம். அதற்குள் வயிறு காலியாகிவிடும். அதனால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் சோம்பலுக்கு ஏற்றபடி சனங்கள் தங்கள் பசியை ஒழுங்குபண்ணி வைத்திருந்தார்கள். நாங்கள் நேரத்தைத் திருத்தினோம். திருத்திவிட்டோம் என்று டொக்டர்மாருக்குச் சொன்னோம், வாட்டு மிஸ்ஸிமாருக்குச் சொன்னோம், ட்ரொலி தள்ளுகிறவருக்கும் சொன்னோம். கட்டிலில் கிடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

அம்மாவின் மூச்சு அடங்கிய அன்று, மகள் வெளியே சுவரோடு சாய்ந்து நின்றாள். சின்ன டொக்டர் கிட்டப் போனதும் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டொக்டர், நான்தான் குடுத்தன். போன முறை ரோட்டில விழுந்தவ. அதால பயந்து குடுத்தன். ஒரு கைப்பிடி பிட்டுத்தான். வேணாம் எண்டவ, நான்தான் ஊட்டி விட்டன். அதாலயா?" பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம்போல இருந்தது. ஓம் என்றால் அந்தப் பிள்ளை உயிரோடு எரிந்துபோகும். இல்லை என்றால் அது பொய். சின்ன டொக்டர் நேரே பார்த்துச் சொன்னார். "உங்கட உம்மாவ நாங்க மூண்டு தரம் பட்டினி போட்டுத் திருப்பி அனுப்பின. நீங்க பசிக்குச் சாப்பாடு குடுத்தீங்க. பிழை எங்களுக்கிட்ட இருக்கி. இத ஆர் கேட்டாலும் நான் சொல்லுவன்." அம்மா என்று சொல்ல வேண்டிய இடத்தில் உம்மா என்று வாயில் வந்துவிட்டது. மகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "கேட்டதுக்கு ஏன் இல்லயெண்டு தலையாட்டினவ?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியும். சாப்பிட்டேன் என்று சொன்னால் நாலாம் முறையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை அவருக்குப் படிப்பித்தவர்களும் நாங்கள்தான்.

சொன்னதைச் சின்ன டொக்டர் செய்தார். அவர் செய்த திருத்தத்தைப் பற்றி எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய கூட்டம் வந்தது. மேலிடத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். திரையில் கோடுகள் அழகாக ஏறின, இறங்கின. அந்த அம்மாவின் விஷயத்தை அதற்குள் கொண்டுவர வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். அது மயக்க மருந்துக் காரியமாம், இது நேரக் காரியமாம், இரண்டும் வேறு வேறாம். சின்ன டொக்டர் கோடுகளையெல்லாம் காட்டி முடித்துவிட்டு, "நாங்க நேரத்துக்குத் தொடங்கினதால செத்த ஒரு ஆள் இருக்கிறாங்க. அவங்களச் சொல்லாம நான் இறங்க ஏலா" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேத்தண்ணி தயார் என்றார். பாராட்டு, கை கழுவச் சொல்லிப் படம் ஒட்டியவருக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேத்தண்ணியை யார் முகத்திலாவது ஊற்றியிருப்பேன்.

சின்ன டொக்டர் ஒதுங்கிப்போகவில்லை. வாங்கில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வியை மாற்றினார். "சாப்பிடல்லத்தானே?" என்று கேட்டால் எவரும் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். அதனால் "விடிய என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கச் சொன்னார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல. சாப்பிட்டிருந்தால் ஏசக்கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது, லிஸ்டில் பின்னுக்குத் தள்ளி அன்றைக்கே எடுக்க வேண்டும். பின்னேரங்களில் அவரே வாட்டுக்குப் போவார். கட்டில் கட்டிலாக நின்று, "நாளைக்குச் சொன்ன நேரத்துக்கு எடுப்பம். மறந்து சாப்பிட்டாச் சொல்லுங்க, பின்னேரம் எடுப்பம். ஆரையும் திருப்பி அனுப்ப மாட்டம்" என்று சொல்லுவார். முதலில் சனங்கள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? பிறகு ஒரு கிழவர் வாங்கில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி" என்று குழந்தைப்பிள்ளைபோல ஒப்புக்கொண்டார். அவரைப் பின்னேரம் எடுத்தோம். அந்தச் செய்தி கட்டிலுக்குக் கட்டில் ஓடியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஒரு நாள் சின்ன டொக்டர் கையுறைப் பெட்டி அட்டையை மடித்து வாங்கின் காலுக்கடியில் செருகிக்கொண்டே, "மிஸ்ஸி, நான் போனாலும் இந்தக் கேள்விய விட்டுடாதீங்க" என்றார். நான், "போக முதல் போறதப் பத்திப் பேசாதீங்க" என்று அதட்டினேன்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் அவர் போனார். முதலில் வேறு ஊருக்கு, பிறகு நாட்டை விட்டே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. விளக்கு எரியாமல், பெற்றோல் வரிசையில் சனங்கள் நின்ற அந்த வருஷங்களில் யார்தான் போகவில்லை? மயக்க மருந்து டொக்டர்மார் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இப்போது எங்களுக்கு இருப்பது ஒருவர். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவசரம் என்றால் அவரும் அங்கே ஓட வேண்டும். விடியக் கூடிப் பேசுவது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. பெரிய ஒப்பரேஷன் மறுபடி கடைசிக்குப் போய்விட்டது. கேள்வியை மட்டும் நான் விடவில்லை. ஆனால் கேள்விக்குப் பின்னால் இருந்த வாக்கு இப்போது என் கையில் இல்லை. பின்னேரம் எடுப்போம் என்று சொல்லக் கூசுகிறது.

சென்ற கிழமை வாங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, இரத்தம் போய்ப்போய் முகம் வெளிறியிருந்தது. நான் வழக்கம்போலப் பக்கத்தில் குந்தி, "விடிய என்ன சாப்பிட்டீங்க மகள்?" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நேத்துப் பகலுக்குப் பிறகு ஒண்டுமில்ல மிஸ்ஸி. தண்ணியும் குடிக்கல்ல" என்றாள். "அவ்வளவு நேரம் ஆர் பட்டினி இருக்கச் சொன்ன?" என்று ஏசினேன். "ஆரும் சொல்லல்ல. நான்தான்" என்றாள். பிறகு மெல்ல, "அந்தச் சின்ன டொக்டர் இப்ப இருக்கிறாவா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு முகம் பிடிபட்டது. பிட்டு ஊட்டிய மகள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போகிற கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் போனது. வெயில் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வாவித் தண்ணீர் மங்கியது. உள்ளே ஓர் ஒப்பரேஷன் இழுத்துக்கொண்டே போனது. அது முடியும்போது மயக்க மருந்து டொக்டரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் போய்ச் சொல்லும் வேலை என்னுடையது. நடைக்கு வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். வாங்கு முனகியது. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றித் தலைசுற்றல் அடங்கும் வரைக்கும் நின்றாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிச் சாப்பிடலாமா, மிஸ்ஸி?" என்று கேட்டாள்.